முதல் வாளித் தண்ணீர்

எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் நான் முதன்முதலாக இறங்கியபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. ஆனால் அதன் தண்ணீரில் நான் பிறந்த நாளிலிருந்தே குளித்துவந்திருக்கிறேன். இதைச் சொன்னால் டவுனில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். சுளித்து முடித்த பிறகு மிச்சத்தையும் கேட்கட்டும்.

குளம் மேலே டவுனில் இருக்கிறது. எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அதற்குக் கீழே, இரண்டு தேயிலை மலை தள்ளி. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கிளப்புக்காகக் கட்டிய குளம் அது. உச்சியில் இருக்கும் ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கினார்கள். அந்தக் காலத்தில் தண்ணீரைச் சுத்தம் பண்ண மெஷின் கிடையாது. திங்கட்கிழமை நிரப்புவார்கள், வாரம் முழுக்கக் குளிப்பார்கள், அடுத்த திங்கட்கிழமை அடைப்பைத் திறந்து அத்தனையையும் வெளியே விடுவார்கள். வெளியே என்றால் எங்கே? கிளப்பு மதிலுக்கு வெளியே. மதிலுக்கு வெளியே விழுந்த தண்ணீர் கான் என்கிற வடிகால் வழியாகத் தேயிலைக்குள் இறங்கி, நேராக எங்கள் பீலிக்கு வந்து சேரும். பீலி என்பது கல் கட்டில் பதித்த ஒரு குழாய்தான். லயத்து மனிதர்கள் குளிப்பதும் துவைப்பதும் அதில்தான். குடிக்கத் தனியே ஓர் ஊற்று உண்டு என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வெள்ளைக்காரர் போனார்கள், நம் ஊர்த் துரைமார் வந்தார்கள், திங்கட்கிழமை மட்டும் மாறவில்லை. ‘தண்ணி தெறக்குற நாள்’ என்று அதற்குப் பெயர். கம்பளி, சாக்கு, வேலைக்கு இடுப்பில் கட்டும் படங்குத் துணி என்று கனமானதையெல்லாம் அன்றைக்குத்தான் வெளுப்பார்கள். மற்ற நாளில் பீலியில் விரல் தண்டித் தண்ணீர்தான் வரும். அன்று மட்டும் தொடை தண்டிக்கு வரும்.

என் அம்மாவுக்கு அந்த நாளில் ஒரு பழக்கம் இருந்தது. முதல் வாளியைப் பிடித்து, ஒரு சொட்டுக்கூடத் தன்மேல் படாமல் கானில் வீசி ஊற்றிவிடுவார். அம்மா மட்டுமல்ல, அந்தத் தலைமுறையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். சின்ன வயதில் நான் அதை ஏதோ சாமிக்குச் செய்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கிளப்பு இளைத்துப்போனது. துரைமாருக்குக் கொழும்பு பக்கத்தில் வந்தது போலாகி, சனி ஞாயிறுகளில் காரை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். குளம் நகர சபையின் கைக்கு வந்தது. மெஷின் பூட்டினார்கள், குளோரின் போட்டார்கள், நீல வர்ணம் அடித்தார்கள், ‘பொது நீச்சல் தடாகம்’ என்று மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். டிக்கட் எடுத்தால் யாரும் குளிக்கலாம். தண்ணீர் திறக்கிற நாள் வருடத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்துபோனது.

யாரும் என்று பலகை சொன்னது. லயத்திலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. வராதே என்று எவரும் சொல்லவில்லைதான். வா என்றும் எவரும் சொல்லவில்லை. பல வருடங்களாக அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் கொழுந்து எடுத்துக்கொண்டே, அந்தப் பக்கம் பிள்ளைகள் குதிக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எரிச்சல் பட்டேனே தவிர டிக்கட் எடுக்கவில்லை. அந்த வெட்கத்தையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

என்னை மதில் தாண்ட வைத்தது படகு. எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் இருக்கிறது. கொழுந்து மண்டிக் கிடக்கும் மாதங்களில் எங்களைப் படகில் ஏற்றி அங்கே அனுப்புவார்கள். சுற்றி வந்தால் ஒன்றரை மணி நேரம், தண்ணீரில் பத்து நிமிடம். ஒரு மழைக்கால விடியலில் படகு கரை சேர இருபதடி இருக்கும்போது சாய்ந்துவிட்டது. ஏற்றவேண்டியது பதினைந்து பேரை, ஏற்றியது இருபத்து நான்கு பேரை. நான் இடுப்பில் கட்டிய படங்கோடும் முதுகுக் கூடையோடும் உள்ளே போனேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. தேநீர் நிறத்தில் இருந்தது. என் நாத்தனார், புருஷனின் தங்கை, ஒரு கையால் படகையும் மறு கையால் என் கொண்டையையும் பிடித்து இழுத்திருக்கிறாள். அவளுக்கும் நீந்தத் தெரியாது. எல்லோரும் பிழைத்தோம்.

மறுநாள் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், மிதவைச் சட்டை வரும் என்றார்கள். வந்தது. எட்டுச் சட்டை. இருபத்து நான்கு பேருக்கு எட்டு. அந்த ஆரஞ்சுச் சட்டைகளைப் பார்த்தபோது வந்த கோபத்தை என்னால் இன்றைக்கும் அடக்க முடியவில்லை. சுற்றிலும் நீர்த்தேக்கம், ஆறு, அருவி. இத்தனை தண்ணீருக்கு நடுவில் நீந்தத் தெரியாமல் செத்துப்போவது என் தலையெழுத்தா? எட்டுச் சட்டையில் ஒன்று என் பங்குக்கு வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு உட்கார நான் தயாராக இல்லை. நீந்தப் பழகுவது என்று முடிவு கட்டினேன்.

என்னோடு சேர்த்து லயத்தில் பத்தொன்பது பெண்களின் கையெழுத்தோடு சபைக்குப் போனேன். பெண்களுக்கு மட்டும் என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கவேண்டும், அவ்வளவுதான் மனு. சபைச் செயலாளர் டவுன் கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. நம் தமிழர்தான். மரியாதையாக உட்காரச் சொன்னார். மனுவை இரண்டு தரம் படித்தார். நீச்சல் பழகி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். சாகாமல் இருக்கப்போகிறோம் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டபின் சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, சோதனைக்கு மூன்று மாதம் என்று எழுதிக் கொடுத்தார். டவுன் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், ஒரு சிங்களப் பெண், சும்மாவே சொல்லித்தர ஒத்துக்கொண்டார்.

உடுப்புத்தான் பெரிய பிரச்சினை. பருத்தித் துணி கூடாது, உடம்போடு ஒட்டிய நைலோன்தான் போடவேண்டும் என்பது விதி. ஹட்டன் நடைபாதைக் கடையில் முழுக்கால் நைலோன் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் மொத்தமாகப் பேரம் பேசி வாங்கினோம். எல்லாம் ஒரே கறுப்பு. அதைப் போட்டுப் பார்த்த நாத்தனார், “மதினி, நம்மளப் பாத்தா அட்ட மாதிரியே இருக்கு” என்றாள். அன்று லயமே சிரித்தது.

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, கடைசியில் அட்டைதான் எங்களைக் கவிழ்த்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதல் சனிக்கிழமை இடுப்பளவு தண்ணீரில் பத்தொன்பது பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விடச் சொன்னால் யாரும் விடவில்லை. டீச்சருக்குத் தமிழ் வராது. எங்களில் பாதிப் பேருக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும். “ஹுஸ்ம கன்ன” என்பார், மூச்சு எடு என்று. அந்த இரண்டு சொல்லை வைத்தே நீச்சலின் பாதியைக் கற்றுத் தந்துவிட்டார். மூன்றாவது வாரம் நான் மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர், மேலே மூடுபனி, முதுகில் ஒரு பாரமும் இல்லை. பதினாறு வயதிலிருந்து கூடை சுமக்கும் முதுகு இது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, நனைந்த முகத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறைக்குக் கதவு இல்லை. முன்பு இருந்து உடைந்ததாம், பிறகு யாரும் போடவில்லை. பத்தொன்பது பேரும் அங்கே உடுப்பு மாற்றுவதா? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். சனிக்கிழமைகளில் விடியும்போதே குளிக்கிற உடுப்பைப் போட்டு, அதன்மேல் வேலைப் பாவாடை, அதன்மேல் படங்கு. அப்படியே மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, மத்தியானத்தோடு நிறுத்துக் கொடுத்துவிட்டு, நேரே குளத்துக்கு. மேலே உள்ளதைக் கழற்றிப் போட்டால் தயார். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம் அடைமழை. மலையில் அட்டை காலை விடவில்லை. அட்டைக்கு எங்கள் மருந்து என்ன? துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியைச் சீவி, உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து, பாதத்திலிருந்து முழங்காலுக்கு மேல் வரை தடிப்பாகப் பூசுவோம். அன்றும் பூசினோம். பூசிய காலில் நைலோன் காற்சட்டையை ஏற்றினோம். அதற்குள் ஓர் அட்டையும் நுழையவில்லை. மருந்தும் வெளியே போகவில்லை. குளத்தடியில் ஷவரைத் திறந்து தலையில் பேருக்கு நனைத்துக்கொண்டு, பத்தொன்பது பேரும் முப்பத்தெட்டுக் காலோடு இறங்கினோம்.

கால் மணி நேரத்தில் குளம் பால் கலந்ததுபோல் ஆகிவிட்டது. காலை அடிக்க அடிக்க ஓரமெல்லாம் நுரை. டீச்சர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்றே முதலில் புரியவில்லை. நாத்தனார்தான் குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கில் எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. டவுன் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து நின்றபோது தண்ணீரில் அடி தெரியவில்லையாம். தோட்டத்துப் பெண்கள் குளத்தில் துணி துவைத்தார்கள் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. நாங்கள் ஆடு குளிப்பாட்டினோம் என்றுகூட ஒருவர் சொன்னாராம். திங்கட்கிழமை வாசலில் புதுப் பலகை தொங்கியது: பெண்கள் நேரம் ரத்து, தோட்ட வேலை உடுப்புடன் எவரும் உள்ளே வரக்கூடாது.

அந்த வாரம் லயத்தில் எங்கள் பக்கம் நின்றவர்களைவிடப் பலகைக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். நமக்கு எதற்கு இந்த வேலை, பீலி இருக்க நீச்சல் கேட்குதா என்று ஆண்கள் சிலர் குத்தினார்கள். பத்தொன்பது பேரில் ஆறு பேர் பின்வாங்கினார்கள். நானும் ஓர் இரவு, போதும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விடிந்து பெரட்டுக்குப் போனால், அன்றைக்கு அக்கரை வேலை. படகில் ஏறும்போது எட்டுச் சட்டையும் எனக்கு முன்னால் ஏறிய எட்டுப் பேர் மேல் இருந்தது. விடக்கூடாது என்று அந்தப் படகில்தான் திரும்பவும் தீர்மானித்தேன்.

செயலாளரிடம் போய்த் தப்பை ஒத்துக்கொண்டேன். துணி துவைக்கவில்லை, அட்டை மருந்து என்று விளக்கினேன். அவர் நம்பினார். ஆனால் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும், அதற்குச் சபையில் ஆள் இல்லை என்று கையை விரித்தார். ஆள் நாங்கள் இருக்கிறோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பதிமூன்று பேர் ஈர்க்குமாறும் தேங்காய் மட்டையும் வாளியுமாகப் போய் நின்றோம்.

குளத்தின் பொறுப்பாளர் ஒரு சிங்களவர், நாங்கள் மாத்தியா, அதாவது ஐயா, என்போம். அதிகம் பேசாத மனிதர். அவர் வால்வைத் திறந்தார். தண்ணீர் இறங்க இறங்க நாங்கள் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு போனோம். பத்து மணிக்குச் செயலாளர் குடையோடு வந்தார். வேலை சுத்தமாக இருப்பதைப் பாராட்டிவிட்டு, பெண்கள் நேரத்தைத் திரும்பக் கொடுப்பது கஷ்டம் என்று மெதுவாக இழுத்தார். டவுன் குடும்பங்கள் ஒப்பமாட்டார்களாம். தோட்டத்து ஆட்கள் குளித்த தண்ணீரில் தங்கள் பிள்ளைகளை இறக்க அவர்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறதாம்.

நான் ஈர்க்குமாற்றைச் சுவரில் சாத்தினேன்.

“சேர், இந்தத் தண்ணி இப்ப எங்க போகுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றார். டவுனில் பிறந்து வளர்ந்தவர், சபையில் இத்தனை வருடம் வேலை பார்த்தவர். உண்மையாகவே தெரியவில்லை. வாங்க, காட்டுகிறேன் என்று கூப்பிட்டேன். ஈரக் காலோடு நான் முன்னால், சப்பாத்தோடு அவர் பின்னால். கான் ஓரமாகத் தேயிலைக்குள் இறங்கிப் பீலிக்குப் போனோம்.

தண்ணீர் திறக்கிறார்கள் என்று தெரிந்து பாதி லயம் கம்பளியோடு கூடியிருந்தது. நுரை கலந்த தண்ணீர் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. என் அம்மா அப்போதுதான் வந்து வாளியை வைத்தார். நிரம்பியதும் தூக்கிக் கானில் வீசி ஊற்றினார். ஏன் ஊற்றுகிறீர்கள் என்று செயலாளர் கேட்டார்.

“அது மேல குளிச்சவங்க அழுக்கு தம்பி” என்றார் அம்மா. “ரெண்டாவது வாளியிலருந்துதான் நமக்கு.”

எனக்கே அன்றைக்குத்தான் அந்தப் பழக்கத்தின் காரணம் விளங்கியது. சாமியுமில்லை, சடங்குமில்லை. வேறு தண்ணீர் இல்லாதவர்கள் ஒரு வாளியளவுக்காவது ‘வேண்டாம்’ என்று சொல்லி வைத்தார்கள். அம்மா மேல் பெருமையும், கூடவே ஒரு சின்னக் கோபமும் வந்தது.

“அம்மா, இப்ப அதுல நாங்களும் குளிச்சிருக்கோம்.”

“எத்தன நாளு?”

“அஞ்சு சனிக்கெழம.”

“அஞ்சு சனிக்கெழமையா” என்று சொல்லிவிட்டு அம்மா கம்பளியை நனைக்கத் தொடங்கினார்.

நான் செயலாளர் பக்கம் திரும்பினேன். குரல் உயர்த்தவில்லை. “நீங்க குளிச்ச தண்ணியில நாங்க மூணு தலமொறையா குளிச்சிருக்கோம் சேர். யாரும் செத்துப் போகல. நாங்க குளிச்ச தண்ணியில அவங்க பிள்ளைங்க ஒரு ஞாயித்துக்கெழம குளிச்சா ஒண்ணும் ஆகாது. இத அவங்ககிட்டச் சொல்லுங்க. ஒங்களால முடியாட்டி நான் வந்து சொல்றேன்.”

அவர் பீலியையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார். பேசுங்கள், சனிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் வருவோம் என்றேன்.

போனோம். அட்டை மருந்தைச் சுரண்டிக் கழுவ, குளத்து வாசலிலேயே செங்கல் அடுக்கி, குழாயும் பிரஷும் வைத்திருந்தோம். அறைக்குக் கதவு இல்லாத இடத்தில் இரண்டு படங்கைச் சேர்த்துத் தைத்துத் திரை போட்டோம். வாசலில் பலகையைக் காணவில்லை. மாத்தியாவிடம் கேட்டேன். சுவர் கழுவும்போது கழற்றியது, நனைந்துவிட்டது, மெஷின் அறையில் காய்கிறது என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கேட்டைத் திறந்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரத்தை ரத்துச் செய்து கடிதம் ஏதும் வரவில்லை. பலகை இன்னும் மெஷின் அறையில்தான் காய்ந்துகொண்டிருக்கிறது. டவுன் குடும்பங்கள் சில நாள் வராமல் இருந்தன, வெயில் மாதம் வந்ததும் வந்துவிட்டன. பின்வாங்கிய ஆறு பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். நான் இப்போது குளத்தின் நீளத்தை நான்கு தரம் நிற்காமல் நீந்துவேன். படகில் சட்டை இன்னும் எட்டுத்தான். எனக்கு ஒன்றைக் கொடுத்தாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். கேட்பதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் பெரட்டில் மிச்சப் பதினாறைக் கேட்கிறேன்.

போன மாதம் குளத்துத் தண்ணீரைத் திரும்பவும் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை நாங்கள் குளித்தோம். ஞாயிறு முழுக்க மழை, யாரும் வரவில்லை. திங்கட்கிழமை காலை வால்வைத் திறப்பதாக மாத்தியா சொல்லியனுப்பினார். அன்று எனக்கு வேலை இல்லை. கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பீலிக்குப் போனேன். தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் அம்மா வாளியை வைத்தார். நிரம்பியது. தூக்கினார். கான் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார்.

“கடைசியா யாரு குளிச்சது?”

“நாங்கதான்.”

அம்மா வாளியை உயர்த்தித் தன் தலையில் ஊற்றிக்கொண்டார்.